கிராம்பு

புளியரைச் சாவடியில் என் வேலை
சக்கரங்களைக் குளிப்பாட்டுவது.
ஆலப்புழைப் பக்கம் வாத்து செத்து விழுந்தால்
என் கைக்குத் தெளிப்பான் வந்துவிடும்.
காலிக் கூண்டு லாரி, தீவன லாரி, முட்டை வண்டி,
எதுவானாலும் ஓரங்கட்டி
டயர் டயராக நனைத்து
பதிவேட்டில் எண் எழுதி விடுவேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்றை
எல்லையில் நிறுத்தியதாக
மாதம் பிறந்தால் சம்பளம்.

இதே ஆள்தான்
ஆறு வருஷமாகக் குழாயடியில்
சிவப்பாகத் துப்பிக்கொண்டிருந்தேன்.
பிரஷ் முரடு என்று பிரஷை மாற்றினேன்.
பேஸ்ட் காரம் என்று பேஸ்டை மாற்றினேன்.
கொய்யாவைக் கடித்தால்
கடித்த இடத்தில் ஒரு கோடு ஓடும்.
சிவப்புக் கொய்யா போல என்று
மென்று விழுங்கிவிடுவேன்.

மாசானமுத்துவும் அப்படித்தான் துப்புவான்.
இரவுப்பணியில் ஒரே வாளித் தண்ணீரில்
வாய் கொப்பளித்தவர்கள் நாங்கள்.
ஆவணிச் சாரலில் ஒரு நாள்
குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவன்
"தாடை வலிக்கி வே" என்றான்.
பல்வலிதானே என்று
தீப்பெட்டியில் வைத்திருந்த கிராம்பைக் கொடுத்தேன்.
அதைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை போனான்.

பல் இல்லை அது.
இரண்டு ஸ்டென்ட்.

அடுத்த வாரம் செங்கோட்டையில்
ஆரியங்காவிலிருந்து ரயிலேறி வரும்
டாக்டர் ஷைனி தரகன் முன்னால்
வாயைத் திறந்து கிடந்தேன்.
"மோண நல்லா வீங்கியிருக்கு" என்றார்.
எனக்கு மோனை என்று கேட்டது.
முதலெழுத்து ஒன்றி வருவது,
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்.
நாங்கள் ஈறு என்போம் டாக்டர்,
எங்கள் பாஷையில் அதற்குக்
கடைசி என்றும் ஒரு பொருள் உண்டு.
வாய்க்குள் கொக்கி இருந்ததால்
இதையெல்லாம் சொல்லவில்லை.

துப்பி முடித்துக் கேட்டேன்,
மாசானத்தின் நெஞ்சுக்கு
இங்கிருந்துதான் போனதா என்று.
முகக்கவசத்தை இறக்கினார்.
"புண்ணான ஈறு வழியா
கிருமி ரத்தத்தில ஏறும், அது சரி.
ரெண்டு சீக்கும் சேர்ந்தே நிறைய பேருக்கு இருக்கு, அதும் சரி.
இதுதான் அதைக் கொண்டுவந்ததுன்னு
சத்தியம் பண்ணச் சொன்னா, மாட்டேன்.
அவருக்குச் சர்க்கரை உண்டோ?"
உண்டு.
"புகையிலை?"
அதுவும்.
"உங்களுக்கு?"
மறுபடி வாயைத் திறந்துகொண்டேன்.

ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கும் இரண்டு பேரைத்
தினமும் பார்க்கிறேன்.
ஒருவன் மற்றவனைக் கூட்டிக்கொண்டு வந்தானா,
ஒரே கடன்காரன் இருவரையும் துரத்தினானா,
டிக்கெட்டில் அது இருக்காது.

டாக்டர் சுரண்டிப்போட்ட துணுக்குகள்
தட்டில் விழும்போது சத்தம் கேட்டது.
பழுப்பாக,
டயர் இடுக்கில் சிக்கிவரும் சரளை மாதிரி.

மாசானத்தைப் பார்க்கப் போகையில்
மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கிப்போனேன்.
"நெஞ்சு அடைச்சவனுக்கு
பிரஷ்ஷா வே கொண்டு வருவாவ?
ஆப்பிள் கிடைக்கலியா?"
"கடிச்சா சிவக்குமே வே."
சிரிக்கக்கூடாதென்று சொல்லியிருக்கிறார்களாம்,
சிரித்தான்.
மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் அதை வைத்தான்.
எழுந்தபோது சொன்னான்:
"அன்னைக்கு நீரு குடுத்த கிராம்பு
நல்ல கிராம்பு வே."
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
செருப்பைத் தேடினேன்.

ஒன்பதாம் நாள் காலை
நுரை வெள்ளையாக விழுந்தது.
குழாயை மூடாமல் நின்றேன்.
ஆறு வருஷத்தில் எத்தனை போயிருக்கும்,
நிறுத்தாமல், நனைக்காமல்,
எண் எழுதாமல்.

ஆரன் அடித்தார்கள்.
கோழி வண்டி.
போனேன்.